மீன் விலக்கிய மிஸி

“இரவு என்ன சாப்பிட்டனீங்கள்?” என்று கேட்ட பிறகுதான் வினிபிரட் வணக்கமே சொல்வார். செத்த வீட்டிலும் அதே கேள்விதான். போன மாதம் குருநகரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார். “றால் பொரியல்” என்றார் மாப்பிள்ளை. “நல்லகாலம், நீர் என்ரை லிஸ்ற்றிலை இல்லை” என்று வாழ்த்திவிட்டுப் பந்திக்குப் போனார்.

வயது ஐம்பத்திரண்டு. உடுப்பிட்டிப் புரட்டஸ்தாந்து வீட்டுப் பிள்ளை. இருபத்தெட்டு வருடம் வார்டில் நின்ற தாதி, இப்போது ஆராய்ச்சி செய்கிறார். கத்தோலிக்க மீனவர் ஊரான குருநகரில் எல்லாத் தாதியரையும் போல அவரும் ‘மிஸி’தான். காலை ஆறரைக்குச் சந்தைக்குப் பக்கத்து இடியப்பக் கடையில் நின்றபடியே சாப்பிடுவார். “குழம்பு வேண்டாம், சம்பலைக் கூடப் போடும் தம்பி.” பிறகு ஸ்கூட்டரின் பின்னால் குளிர்பெட்டியைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு இறங்குவார். பெட்டியைக் கண்டு மறிக்கிறவர்களும் உண்டு.

“என்ன மீன் பிள்ளை?”

“சலம், அம்மா.”

விஷயம் அதுதான். பைபர் படகு திருத்துகிறவர்கள் நாள் முழுக்க றெசின் பசையின் ஆவியைச் சுவாசிக்கிறார்கள். “தலையிடி எண்டு போனால் பனடோல் தருகினம். இந்த மணத்தாலைதான் எண்டால் ஒருதரும் நம்பீனமில்லை” என்கிறார் வின்சன்ற். இருபது வருடமாகப் படகு ஒட்டுகிறவர். அந்த ஆவி உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதை விடியற்காலைச் சிறுநீரில் தேடுகிறார் வினிபிரட். அதில் கரைந்திருக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களைக் கொழும்பில் ஒரு மெஷின் ஒரேயடியாகப் பார்க்கும்.

இதை அவர் விளக்கும் விதம் இது: “முந்தி நாங்கள் ஒராளைக் கூப்பிட்டு விசாரிச்சம். இப்ப திருவிழாவுக்கு வந்த முழுச் சனத்தையும் ஒரே படத்திலை எடுக்கிறம். ஆனால் மீன் சாப்பிட்டால், அந்தாள் கமராவுக்கு முன்னாலை வந்து நிண்டுடுவார். பின்னாலை நிக்கிற ஒருதரையும் தெரியாது.”

ஆகவே, மூன்று நாள் மீன் கூடாது. குருநகரில்.

“மிஸி, தவக்காலத்திலை நாங்கள் இறைச்சியைத்தான் விடுறனாங்கள். மீன்தான் எங்கடை ஒறுத்தல்” என்றார் வின்சன்றின் மனைவி செபஸ்தியம்மா. கடைசியில் சமைக்கிற பெண்கள் கூடி ஒரு நிபந்தனை வைத்தார்கள்: மிஸியும் விட்டால் தாங்களும் விடுவார்கள். வினிபிரட் சம்மதித்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று எடுத்த உடுப்பிட்டி ஆட்களோடு தன்னையும் ஏழாம் இலக்கமாகச் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் படகுக்காரர் முப்பத்தைந்து பேரும் கொடுத்து முடித்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குக் கொழும்புக்கு வான் புறப்படும். மெஷின் இந்தச் சனி, ஞாயிறு மட்டும்தான் கிடைக்கும். தவறினால் அடுத்த வருடம். படகுக்காரரின் நல்ல சிறுநீர் ரியூப் முப்பதாவது இல்லாவிட்டால் ஒன்றுமே சொல்ல முடியாது.

ஒன்பது மணிக்குச் செபஸ்தியம்மா தேத்தண்ணியோடு வந்து ஆறுதல் சொன்னார்.

“நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ மிஸி. மீன் சாப்பிட்ட ஆக்களெல்லாம் நேற்றே கோவிலிலை சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்திட்டினம்.”

வினிபிரட் கோப்பையைக் கீழே வைத்தார். “எந்த ஆக்கள்?”

“சுவாமி மன்னிச்சிட்டார். இனி அது சலத்திலை இராதுதானே?”

உடுப்பிட்டியில் அவர் படித்த வேதத்தில் இந்தப் பாடம் இல்லை. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு கோவிலுக்குப் போனார். பங்குச் சுவாமி பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சுவாமி, ஆர் எண்டு சொல்லவேண்டாம். எத்தினை பேர் எண்டு மட்டும்...”

“மிஸி, உங்கடை படிவத்திலை என்ன போட்டிருக்கிறியள்? ‘தகவல்கள் இரகசியமாகப் பேணப்படும்.’”

“ஓம்.”

“எங்களுக்கும் அதுதான்.” மீண்டும் பூச்செடிப் பக்கம் திரும்பிவிட்டார்.

பத்தரை மணிக்குப் படகுக்காரரையெல்லாம் கூப்பிட்டுவிட்டு, வின்சன்றின் படகுக் கொட்டிலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வலையை கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் கதிரை போட்டு, வெளிப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார் வினிபிரட். மூக்குக் கண்ணாடியையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “நான் பாக்கமாட்டன். பேர் வேண்டாம். போத்திலிலை உள்ள நம்பரை மட்டும் சொல்லுங்கோ. உங்கடை ஒரு போத்தில் போனால் போகட்டும். களவாய் நிண்டால் எல்லாற்ரையும் போயிடும், வின்சன்ற் அண்ணையின்ரை தலையிடியையும் ஒருதரும் நம்பாயினம்.”

மண்ணில் செருப்புச் சத்தம் கிட்ட வந்தது. பிறகு வலைக்கு அங்கால் ஒரு செருமல்.

“பதினொண்டு, மிஸி. மனிசி ஓரா மீன் பொரிச்சவள். மணத்துக்கு ஏலாமல் போச்சு.”

“இருபத்திரண்டு. கூழ் குடிச்சனான். மீனைத் தொடேல்லை, தண்ணியை மட்டும்தான்.”

“மூண்டு. கருவாடு மீனோ மிஸி?”

“மீன்.”

“அப்ப மூண்டுதான்.”

“பதினேழு. என்ன எண்டு கேளாதேங்கோ.”

வினிபிரட் திரும்பாமலே குறித்துக்கொண்டார். முப்பத்தொன்று மிச்சம். நேரம் பதினொன்றே கால். எழும்பலாமா என்று முன்னுக்குச் சரிந்தபோது இன்னொரு குரல் கேட்டது. குரலை மாற்றத்தான் பார்த்தார், ஆனாலும் அது வின்சன்றின் குரல் என்று கொட்டிலில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“முப்பத்தொண்டு. மீன் இல்லை மிஸி, சத்தியமாய். கடைச் சம்பல்தான். ஆனால் அவன் மாசிக் கருவாட்டை இடிச்சுப் போடுறவன். அதுவும் கணக்கோ?”

வினிபிரட்டின் பேனை நின்றது.

“எந்தக் கடை அண்ணை?”

“சந்தைக்குப் பக்கத்திலை. இடியப்பக் கடை.”

தினமும் காலை ஆறரைக்கு வினிபிரட் நிற்கிற கடை. பிறகு “கணக்குத்தான்” என்றார், மிகவும் மெதுவாக. சரியாக முப்பது மிச்சம். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

வினிபிரட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். குளிர்பெட்டியைத் திறந்து, ஐந்து ரியூப்களையும் இலக்கம் பார்த்து எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். மூடியில் கை வைத்தவர் மூடவில்லை. அடித்தட்டுக்குள் கையை விட்டுத் துழாவி, ‘உடுப்பிட்டி 7’ என்று தன் கையாலேயே எழுதிய ரியூபை எடுத்து, வின்சன்றினுடையதற்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்.