கூட வந்தவர் வெளியே இருக்கட்டும்

சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு சந்து தள்ளி இருக்கும் அந்தக் கிளினிக்கில் சுசீலாவுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தினமும் ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்து வந்து கதவைத் திறப்பவர் அவர்தான். வேலை என்னவோ கவுண்டரில். ஆனால் டாக்டர் லிம்முக்குத் தமிழ் தெரியாது. வருகிற கட்டுமானத் தொழிலாளிகளில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வராது. நடுவில் சுசீலா இல்லையென்றால் அங்கே வைத்தியம் ஏது?

அன்றைக்குச் சின்னராசு என்ற தொழிலாளியைக் கூட்டி வந்தவர் சூப்பர்வைசர் ராமலிங்கம். சின்னராசுவின் சட்டை வேர்வையில் ஊறிக் கிடந்தது. டாக்டர் கேட்டதற்கெல்லாம் ராமலிங்கமே பதில் சொன்னார்.

“கேஸ்ட்ரிக் ஒன்லி, டாக்டர். மெடிசின் போதும். லாரி வெயிட்டிங் லா.”

நோவு ஒருத்தருக்கு, பேச்சு இன்னொருத்தருக்கு! சுசீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வசதியான வீட்டுப் பிள்ளை தும்மினால் இப்படி யாராவது முந்திக்கொண்டு பேசுவார்களா?

“அண்ணே, நீங்க வெளிய உக்காருங்க.”

“நீங்க கவுண்டரைப் பாருங்கக்கா. நெனச்சா நாளைக்கே எங்க ஆளுங்க எல்லாரையும் வேற கிளினிக்குக்குக் கொண்டு போயிடுவேன்.”

“தாராளமா கொண்டு போங்க. இப்ப எந்திரிங்க.”

டாக்டர் சுசீலாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ராமலிங்கத்துக்குக் கதவைக் காட்டினார்.

கதவைச் சாத்திய பிறகும் சின்னராசு, “கேஸ்தான்க்கா” என்றார். நெஞ்சுவலி என்று சொன்னால் ஊருக்கு பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் இவர்கள் எல்லாரும் சொல்லும் நோய் அதுதான். மூன்று வருஷத்துக்கு முன் இன்னொருவர் அப்படிச் சொன்னார். அதை நம்பி அப்படியே டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னவர் சுசீலா. மறுவாரமே அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து வலியைப் பற்றி நேராகக் கேட்பதையே சுசீலா விட்டுவிட்டார்; வேலையைப் பற்றித்தான் கேட்பார்.

“தம்பி, நேத்து எத்தனை மாடி ஏறினீங்க?”

“பன்னெண்டுக்கா.”

“எங்க மூச்சு வாங்க நின்னீங்க?”

சின்னராசு தரையைப் பார்த்தார். “மூணாவதுலயே. ஒரு வாரமா இப்படித்தான். இடது கை மரத்துப்போவுது. கம்பெனிக்குச் சொல்லிடாதீங்கக்கா, ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு.”

“அந்தப் புள்ளைங்களுக்கு அப்பா வேணாமா?”

ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் தாமே போனைத் தூக்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். சின்னராசு பிழைத்தார். ஆஸ்பத்திரி டாக்டர்கள் எழுதிக்கொடுத்த கடிதத்தால் வேலையும் போகவில்லை, ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

ராமலிங்கமும் சொன்னதைச் செய்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி லாரி சந்துக்குள் வரவேயில்லை. தன்னால் டாக்டருக்கு நஷ்டமாகிவிட்டதே என்ற வருத்தம் சுசீலாவுக்கு இருந்தது உண்மை. ஆனால் செய்தது தப்பென்று ஒரு நாளும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக் வாசலில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். அதே கம்பெனி ஆட்கள். லீவு நாளில், சூப்பர்வைசர் இல்லாமல், தாங்களாகவே பஸ் பிடித்து வந்திருந்தார்கள். சுசீலாவுக்குக் கர்வம் தாங்கவில்லை. முதலில் நின்றவர் கவுண்டரில் கையை ஊன்றி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

“அக்கா, எனக்கு நெஞ்சு வலிக்குது.”