எண்ணெய் வைக்காத தலை

முடி வெட்டிக்கொள்ளப் போகும் முன் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், 'எண்ணெய் வைக்காமல் போங்கள்' என்றுதான் முதலில் சொல்வேன். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கும் என் மாமியாருக்கும் தெரியும். பல் டாக்டரிடம் போகும்போது பல்லைத் தேய்த்துவிட்டுப் போகிறோம் இல்லையா, அதுபோல நாலு பேர் பார்க்கிற இடம் என்றால் தலை நிறைய எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு போவதுதான் எங்களுக்கு மரியாதை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். என் மகனுக்கு ஒன்றரை வயதில் ஒரு காய்ச்சல் வந்து, மதுரையில் பெரிய டாக்டரே உதட்டைப் பிதுக்கிவிட்டார். 'பிள்ளை பிழைத்தால் என் முடியைத் தருகிறேன்' என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றபடியே இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். பிழைத்துவிட்டான். ஆடி மாதம் போய், இடுப்பு வரை கிடந்த முடியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

வருத்தமெல்லாம் திரும்ப முளைத்து வந்த முடியைப் பற்றித்தான். முன்பு நேராக இருந்தது, இப்போது சுருண்டுகொண்டு வந்தது. பங்குனி பிறந்தபோது உச்சியில் குத்திட்டு நின்றது, காதுமேல் பொங்கியது, பிடரியில் வாத்தின் வாலைப்போல மேல்நோக்கி வளைந்தது. பின்னவும் முடியாது, கொண்டை போடவும் முடியாது. என் கணவரைக் கேட்டால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே 'நல்லாத்தான இருக்கு' என்பார். அந்த மனிதரோடு எப்படித்தான் இத்தனை காலம் குப்பை கொட்டினேனோ.

எனக்கு டீச்சர் வேலைக்குப் போக வேண்டும். பி.எட். முடித்த கையோடு கல்யாணமாகி, சான்றிதழ்கள் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தன. மாசி மாதம் ஒரு பள்ளியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கொண்டை இல்லாத டீச்சரை யார் பார்த்திருக்கிறார்கள் என்று என் மாமியார் தன்னுடைய சவுரி முடியை எடுத்து, அந்த மூன்று விரல் முடிக்குள் கொண்டை ஊசிகளாகக் குத்தி நிறுத்தி அனுப்பினார். பிள்ளைகளுக்கு மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினேன். சவுரி கழன்று, முதுகில் உருண்டு, தரையில் செத்த அணில் மாதிரி விழுந்தது. 'டீச்சர் முடி விழுந்திருச்சு!' என்று ஒரு பயல் கத்தினான். அதற்குப் பிறகு நான் என்ன பாடம் நடத்தினேன் என்பது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். வேலையும் கிடைக்கவில்லை.

அதனால் பங்குனியில் ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தபோது, சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. இரண்டாம் வகுப்பு, மறுபடியும் மாதிரிப் பாடம். இதையும் விட்டால் இனி வேலைப் பேச்சையே எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

ராஜபாளையத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண் தன் வீட்டு முன்னறையில் லேடீஸ் பியூட்டி பார்லர் வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கல்யாணப் பெண் அலங்காரத்துக்கும் புருவம் எடுக்கவும்தான் அங்கே ஆள் போகும். நான் முடி வெட்டப் போகிறேன் என்றதும் மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இருக்கதே நாலு முடி. அதையும் வெட்டிப்போட்டா, மறுபடியும் மொட்டதாம்ட்டி" என்றார். ஆனாலும் என்னைத் தனியாக விட மனமில்லாமல் உடன் கிளம்பினார். கிளம்பும்போது, முடி அடங்கட்டும் என்று ஒரு கை விளக்கெண்ணெயை என் தலையில் அவரே தேய்த்துவிட்டார்.

பார்லர்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என் தலையைத் தொட்டாள், விரலைப் பார்த்தாள், துண்டில் துடைத்தாள்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதிய. இப்ப வெட்டுனா எந்த முடி எங்க நிக்கும்னே எனக்குத் தெரியாது. தலைக்குக் குளிச்சு, எண்ணெய் வைக்காம, சீப்பு போடாம வாங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தால், வாசலோடு திருப்பி அனுப்புகிறாளே! "பெரிய்ய இவ" என்று தெருமுனை வரை முணுமுணுத்தேன். ஆச்சரியம் என்னவென்றால், மாமியார் என்னோடு சேர்ந்து திட்டவில்லை. "அவ சொல்லுதது சரிதான். தலைய முழுசா மறச்சுக்கிட்டுப் போனா அவ எதப் பாத்து வெட்டுவா?" என்றார். மறைத்ததே அவர்தான் என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன்.

மறுவாரம் சீயக்காய் தேய்த்துக் குளித்து, காய்ந்த தலையோடு மறுபடியும் பஸ் ஏறினோம். எங்கள் பக்கம் ஒரு பெண் எண்ணெய் இல்லாமல், வாராமல் வெளியே கிளம்புகிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஜன்னல் காற்றில் என் தலை பரட்டையாகப் பறந்தது. முன் சீட்டில் இருந்த சுந்தரபாண்டியத்து அம்மாள் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்து, மாமியாரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "யாரு தவறிட்டாக?" என்று கேட்டார்.

"யாரும் தவறல. முடி வெட்டப் போறோம்" என்றார் மாமியார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

பார்லரில் இந்த முறை அவள் நெடுநேரம் என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எப்படி வெட்ட வேண்டும் என்று கேட்கவில்லை.

"காலைல தலைக்கு எம்புட்டு நேரம் செலவழிப்பியக்கா?" என்றுதான் கேட்டாள்.

"அரை மணி நேரம்" என்று கூசாமல் சொன்னேன்.

"எங்க? பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு ஒத்தக் கையால ரெண்டு இழுப்பு இழுப்பா. அம்புட்டுத்தான்" என்று மாமியார் போட்டு உடைத்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அப்ப ஒத்தக் கையால வாருத மாதிரியே வெட்டிருவோம்" என்றாள். டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லாதே என்பார்கள். அந்தப் பட்டியலில் முடி வெட்டுகிறவரையும் சேர்க்கலாம்.

என் பர்ஸில் ஒரு பத்திரிகை அட்டை மடித்துக் கிடந்தது. நேர் முடியைக் கழுத்தளவில் வெட்டிய ஒரு நடிகையின் படம். வெட்கத்தோடு நீட்டினேன். அவள் கேலி செய்யவில்லை. "இது நேர் முடி, உங்களுக்குச் சுருட்டை. அப்படியே வராது. ஆனா இதுல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்றாள். அப்படி நான் யோசித்ததே இல்லை. செத்த நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "காதும் கழுத்தும் தெரியுறது" என்றேன். "அதக் கொண்டுவந்திரலாம்" என்றாள். பிறகு உண்மையையும் சொன்னாள்: "மொட்டை போட்டு வளருத முடிய நான் வெட்டுனதில்லக்கா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுப்பேன். போதும்னு தோணுனா சொல்லிருங்க." எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பேன். இதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது.

தண்ணீர் தெளித்து முடியை நனைத்தாள். உச்சியைத் தொடவே இல்லை. பிடரியில் இருந்த வாத்து வாலை எடுத்தாள், காதோரத்தைக் குறைத்தாள், நிறுத்தினாள். காற்றாடிக்குக் கீழே உட்காரவைத்துக் காயவிட்டாள். காய்ந்தால் சுருட்டை மேலே ஏறும், ஏறியதைப் பார்த்துத்தான் அடுத்த வெட்டு என்றாள். கத்தரி சத்தம் கேட்கும்போதெல்லாம் மாமியார் "போதும்மா, போதும்மா" என்றார். கடைசியில் கண்ணாடியைக் காட்டினாள். நடிகை இல்லை. நான்தான். ஆனால் எனக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் பார்த்தேன். ரொம்பப் பிடித்திருந்தது. என் முகத்தை அப்படிப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது, அழுகை வந்துவிட்டது.

நேர்காணலன்று மாமியார் சவுரியைப் பையில் போட்டுக்கொண்டு பிள்ளையோடு பள்ளி வாசல் வரை வந்தார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். நான் வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போனேன். தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுதினேன். எதுவும் விழவில்லை. ஆனால் பின்னால் குசுகுசுப்பு. திரும்பினால், முதல் பெஞ்சில் ஒரு சிறுமி எழுந்து நிற்கிறாள். தலையில் அரை விரல் முடி, முள்ளம்பன்றியாட்டம்.

"டீச்சர், நீங்களும் இருக்கங்குடியா?"

"ஆமா" என்றேன்.

"எனக்கும் இப்படி ஆகுமா?"

"ஆகும். கொஞ்சம் பொறு" என்றேன். அவள் திருப்தியாகத் தன் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் விட்ட இடத்திலிருந்து கூட்டல் கணக்கைத் தொடர்ந்தேன்.

ஜூனில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் என் பிடரியையே பார்த்துக்கொண்டு நடந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும், "ஏட்டி, அந்தப் பிள்ளைட்ட நானும் ஒரு நாளு நுனி மட்டும் வெட்டிக்கிடட்டுமா? சிக்கு எடுத்தே கையெல்லாம் நோவுது" என்றார்.

அடுத்த வாரமே போனோம். இந்தத் தடவை எண்ணெய் வைக்காத தலைகள் இரண்டு. டிக்கெட் கொடுத்த கண்டக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதும் துக்கமா பெரியம்மா?" என்றார்.

"இல்லய்யா" என்றார் மாமியார், பஸ்ஸுக்கே கேட்கும்படி. "எங்க வீட்டுல நல்ல காரியம்."