ஒரு கறுப்பு உருண்டை

ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதர சங்கத்தின் மண்டபத்தில் சாவிக்காரருக்குத் தெரியாத மூலையே கிடையாது. சரக்குக் கிடங்காகக் கிடந்த கட்டடத்தை நூறு வருஷத்துக்கு முன் நாலைந்து டாக்டர்களும் ரயில் எஞ்சினியர்களும் வாங்கி மண்டபமாக்கிய கதை தொடங்கி, சுவரில் தொங்கும் பழைய தலைவர்களில் யாருடைய மீசை படம் வரைந்தவரின் தயவு என்பது வரை அத்துப்படி. மாடியில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையை முப்பத்தொரு வருஷமாகத் துடைப்பவர் அவர்தான். கூட்டம் தொடங்கியதும் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வங்கி மேனேஜரும் தையற்காரரும் ஒருவரையொருவர் 'பிரதர்' என்று கூப்பிடுவது கேட்கும்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் மனுஷர் ஏங்கிப்போனார். மனைவி போய் ஆறு வருஷம். கூடப் பிறந்தவர்களும் இல்லை. ரகசியமும் சடங்கும் யாருக்கு வேண்டும்?

கடைசியில் உறுப்பினரான மருந்துக்கடைக்காரர் மனமிரங்கி அவர் பெயரை முன்மொழிந்தார். புது ஆளைச் சேர்க்க உருண்டை போட்டு ஓட்டெடுப்பார்கள். வெள்ளை என்றால் சம்மதம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் கதை முடிந்தது. யார் போட்டது என்று கேட்கக்கூடாது. உருண்டைகளைக் கழுவிப் பெட்டியில் வைப்பது சாவிக்காரர் வேலை. தன் தலையெழுத்தைத் தானே பளபளவென்று துடைத்துக் கொடுத்தார்.

கதவு திறந்ததும் மருந்துக்கடைக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மறுநாள் பெட்டியைக் காலி செய்தபோது இருபத்தொரு வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்பு.

அடுத்த மாதக் கூட்டத்தில் டீ கொடுத்தபடி ஒவ்வொரு கையாகப் பார்த்தார். எந்தக் கையும் காட்டிக்கொடுக்கவில்லை. கூட்டம் முடிந்து, ஓய்வுபெற்ற நீதிபதியை வழக்கம்போல் கைபிடித்துப் படியிறக்கினார். எண்பத்தெட்டு வயது. பாதியில் மூச்சு வாங்க நின்றார் நீதிபதி.

"கறுப்பு போட்டது நான்தான்பா," என்றார். "நீயும் உள்ள வந்து உக்காந்துட்டா, அப்புறம் என் கையை யாரு பிடிப்பா? வேற ஆளுங்க மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

அதில் பொய் இல்லை. பாசம்கூட இருந்தது. அதுதான் சாவிக்காரரைச் சுட்டது. கையை உதறிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, மனசு வரவில்லை.

"இன்னும் ஒன்பது படி இருக்குங்கய்யா," என்றார். "கீழ போய்ச் சேர்ற வரைக்குமாவது என்னை பிரதர்னு கூப்பிடுங்க."

நீதிபதி படியை மட்டும் பார்த்து இறங்கினார். வாசலில் காரில் ஏறி வசதியாக உட்கார்ந்த பிறகு, "வரட்டுமாப்பா, சாவி," என்று கையசைத்தார்.