நான்காம் பாத்தியின் காளான்கள்

கடல்கடந்த தீவொன்றில், மோகா என்ற ஊருக்கு அருகே மாட்டுத்தீவனப் புல்லை ஆராய்கிற நிலையமொன்றில் நாகலிங்கம் தினக்கூலி. பத்துப் பாத்திகளில் ஐந்துக்கு மாதம் ஒருமுறை அமோனியா உரம் போடுவார். ஒப்பிட்டுப் பார்க்க மற்ற ஐந்தையும் உரமில்லாமல் பட்டினி போடுவார். 1954-இல், வேலையின் நான்காம் வருஷம், அவரை நிரந்தரமாக்கச் சொல்லி அதிகாரி ரோபெர் கடிதம் எழுதிவைத்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்தத் தைப்பூசத்துக்குக் கோயிலில் ஏழு கறி பரிமாறியவர் நாகலிங்கம். பந்தியில் ஓரவஞ்சனை செய்வது அவருக்கு ஆகவே ஆகாது. மறுநாள் வேலைக்கு வந்தால், வழியோரம் நான்காம் பாத்தி மஞ்சளாய் வெளிறிக் கிடந்தது. மனசு கேட்கவில்லை. அதற்கும் ஒரு பங்கு உரம் வீசினார். அடுத்த இரண்டு மாதமும் வீசினார். புண்ணியம் சேர்த்தாராம், மகராசன்! புல் பச்சையானதை ரோபெர் மழையின் கணக்கில் வைத்தார்.

ஏப்ரலில் காளான் எண்ணினார்கள். உரமிட்ட பாத்திகளில் ஒன்றுமில்லை; அது வழக்கம்தான். உரம் கூடினால் மண்ணில் காளானை முளைக்கவைக்கும் பூஞ்சை இழைகள் மெலியும், பாக்டீரியாவிலும் உரத்தில் கொழுக்கிற வகையே மிஞ்சும் என்று ரோபெர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதிவந்தார். பட்டினிப் பாத்திகளில் காளான் குடைகுடையாய் நின்றது, நான்காவதைத் தவிர.

“அப்ப நான் நாலு வருஷமா எழுதினதெல்லாம் தப்பா?” ரோபெர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நாகலிங்கம் வாயைத் திறந்தால் நிரந்தர வேலை போச்சு. மூடிக்கொண்டால் இந்த மனிதர் தான் எழுதிய நிஜத்தையே தப்பென்று அடித்துவிடுவார்.

“மிஸ்யே, ஐயா, அதுக்கு நான்தான் உரம் போட்டேன்.”

“ஏன்?”

“தினம் கண்ணுல பட்டுச்சு. பந்தியில உக்காந்தவன ஒதுக்கலாமா?”

ரோபெர் கத்தித் தீர்த்தார். கடிதத்தைக் கிழித்தார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு ஒரு நோட்டை நீட்டினார்.

“இனி அதுக்கு ஒரு பிடிகூடப் போடாத. காளான் எப்பத் திரும்புதுன்னு வருஷாவருஷம் எண்ணி எழுது.”

நாகலிங்கம் எழுதினார். மறுவருஷம் சுழியம். அதற்கடுத்த வருஷமும் சுழியம். புல் சீக்கிரமே பழையபடி வெளிறிவிட்டது. மண்ணுக்குள் கெட்டதுதான் சரியாகிற வழியாய் இல்லை. நடுவில் நிரந்தர வேலை ஒருவழியாய்க் கிடைத்தது. அவர் எண்ணுவதை விடவில்லை.

ஏழாம் வருஷம் ஒற்றைக் காளான் முளைத்தது. மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, நோட்டில் ஒன்று என்று எழுதி ரோபெரிடம் கொண்டுபோனார்.

“மூணு மாசம் போட்டதுக்கு ஏழு வருஷமா, மிஸ்யே?” என்றார். அழுகை வந்துவிட்டது.