பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரியில் பழகிய அவசர சிகிச்சை

உயிரைப் பிடித்து நிறுத்துவது எப்படி என்பதை ஒரு டாக்டர், உயிர் போய்க்கொண்டிருக்கும் ஒருவரிடம்தான் கற்றுக்கொள்கிறார். பயிற்சி டாக்டராக இருந்து தொலைத்த உங்கள் எல்லோருக்கும் இது தெரியும். வெளியே சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் என்னையும் என்னோடு படித்த பாஸ்கரனையும் சென்னையிலிருந்து மூன்று மாதக் கிராமப் பயிற்சிக்குத் திருத்தணிக்கு அனுப்பினார்கள். மலையடிவாரத்தில் பன்னிரண்டே கட்டில் கொண்ட ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்ற நாட்களில் நாங்கள் இருவரும் நர்ஸ் லில்லி அக்காவும்தான்.

முதல் கேஸ்

வந்து நாலாம் நாள் காலை. பள்ளிப்பட்டுப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கப் போன ராஜம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது என்று அவள் புருஷன் முனுசாமி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தான். முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. கண்ணைத் திற என்றால் இமை எழும்பவில்லை. விஷமுறிவு மருந்து எங்களிடம் இரண்டே குப்பி. இரண்டையும் ஏற்றினோம். அடுத்து என்ன செய்வது என்று புத்தகத்தைப் பார்த்தேன். இன்னும் எட்டுக் குப்பி ஏற்று என்றது. அரக்கோணம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால், எங்கள் ஆஸ்பத்திரி வேன் டயர் மாற்ற அந்த ஊருக்குத்தான் போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு நின்றது. முகமூடியை வைத்து ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காற்று கொடுத்தோம். என் கை ஓய்ந்தால் பாஸ்கரன், அவன் கை ஓய்ந்தால் நான். வேன் திரும்பி வந்தபோது அவள் போய் அரை மணி ஆகியிருந்தது. முனுசாமி அழவில்லை. மேசைமேல் திறந்தபடியே கிடந்த புத்தகத்தைக் காட்டிக் கேட்டான்: "அத்தப் பாத்துப் பாத்துத்தானே ஊசி போட்டீங்க? அதுல எம் பொஞ்சாதி பேரு எழுதிக் கீதாங்க?"

பிழைத்தவள்

அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் வீட்டு மருமகள் ஒருத்தி மூட்டைப்பூச்சி மருந்தைக் குடித்துவிட்டு வந்தாள். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனை அளவு. வயிற்றைக் கழுவி, இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பக்கத்திலேயே உட்கார்ந்து அட்ரோபின் ஊசி போட்டோம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். எங்கள் கையில் பிழைத்த முதல் உயிர். பாஸ்கரன் கடைத்தெருவுக்கு ஓடிப் போய் ஜாங்கிரி வாங்கி வந்தான்.

அவள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, இனிமேல் இப்படிச் செய்யாதேம்மா என்று பெரிய மனுஷி மாதிரி புத்தி சொன்னேன். வாசலில் அவள் மாமியாரும் புருஷனும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு தரம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "ஆங், சரிங்க. திரும்ப அந்த வூட்டுக்குத்தானே போறேன், அதுக்கு எதுனா ஊசி கீதா உங்ககிட்ட?"

ஆடிக் கிருத்திகை

ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கோயில் படிக்கட்டுப் பாதையில் ஒரு பந்தல் போட்டு எங்கள் இருவரையும் முதலுதவிக்கு உட்கார வைத்தார்கள். குளுக்கோஸ் தண்ணீரும் அயோடினும்தான் பெரும்பாலும் செலவு. உச்சி வெயிலில், ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தோளில் காவடியோடு படியிலேயே சரிந்தார். ஜனம் சாமி வந்துவிட்டது என்று நினைத்து "அரோகரா" என்று முழங்கி, அவர்மேல் மஞ்சள் தண்ணீரைக் கொட்டியது. நாங்கள் இடித்துப் பிடித்துக்கொண்டு அவரிடம் போய்ச் சேர்வதற்குள் நாடி இல்லை.

பாஸ்கரன் நெஞ்சை அமுக்கினான். எங்களுக்கு அதைக் கல்லூரியில் ஒரு பஞ்சு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பொம்மைக்கு விலா எலும்பு கிடையாது. இவருக்கு இரண்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஆனாலும் பாஸ்கரன் நிறுத்தவில்லை. எதிரே காவடியைப் பிடித்தபடி மகன் நின்றுகொண்டிருந்தார், நாற்பது வயதிருக்கும். வெகு நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குனிந்து, பாஸ்கரன் கையை மெல்லப் பிடித்தார். "நைனா பூட்டாருன்னு எனக்குத் தெர்து சார். வுட்டுடுங்க, அவருக்கு வலிக்கும்."

கையெழுத்து

கடைசி வாரம் சென்னையிலிருந்து பேராசிரியர் வந்தார், எங்கள் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட. என்ன கேஸ், என்ன சிகிச்சை, முடிவு என்ன என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தேன். அதைப் பார்த்து ஏதாவது கேட்பார், எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று காத்து நின்றேன். அவர் முதல் இரண்டு கட்டத்தை மட்டும் விரலால் ஓட்டிப் படித்துவிட்டு, நிஜமான சந்தோஷத்தோடு சொன்னார்: "அதிர்ஷ்டக்காரிம்மா நீ, மூணு மாசத்துல எல்லா கேஸும் பாத்துட்டியே!"

பாஸ்கரன் சமர்த்தன், யாரும் சாகாத தோல் வைத்தியத்துக்குப் போய்விட்டான். எனக்கு அந்தப் புத்தி வராமல் முப்பது வருஷம் அவசரப் பிரிவிலேயே கிடந்துவிட்டேன்.