இறகு பறக்காத கதை

1986 ஜனவரி 6 — 2.00
ஜனவரி 20 — 2.00
பிப்ரவரி 3 — 2.00
பிப்ரவரி 11 — 0.75
மார்ச் 4 — 0.40
மார்ச் 28 — 0.40

இவை ஒரு தலையணைப் பட்டறையின் பேரேட்டில் ‘வாசிப்புச் செலவு’ என்ற தலைப்பின் கீழ் உள்ளவை. முதல் மூன்றும் வாடகை நூலகத்துக்குக் கொடுத்தவை. நான்காவது ஒரு பழைய புத்தகத்தின் விலை. கடைசி இரண்டும் தபால்தலை. தலையணை செய்கிற இடத்தில் வாசிப்புக்கு என்ன செலவு என்று தணிக்கைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்டார்கள். அங்கே எடை போட்டுக் கணக்கு எழுதிய நான் அவர்களை அழைத்துப்போய் இறகுக் கூடத்தைக் காட்டுவேன். அதற்குப் பிறகு கேட்கமாட்டார்கள்.

அந்தக் கூடத்தில் மின்விசிறி கிடையாது. சன்னல்கள் எப்போதும் மூடியே இருக்கும். வெளிச்சம் மட்டும் கண்ணாடி வழியாக வரும். பத்து நீள மேஜைகள், மேஜைக்கு இருவர். வாத்தின் வயிற்றுப் பக்கத்து மெல்லிய இறகை, தண்டுள்ள இறகிலிருந்து விரலால் பிரித்து எடுப்பார்கள். மெல்லியதற்குப் ‘பஞ்சு’ என்று பெயர். பிரித்த பஞ்சு மேஜை நடுவில் வெள்ளைக் குவியலாக ஏறிக்கொண்டே போகும். யாராவது சற்று வேகமாகத் திரும்பினாலும் அதன் உச்சி எழுந்து, கொஞ்ச நேரம் வெயிலில் நின்று, மனமில்லாமல் இறங்கும். அங்கே நடப்பவர்கள் தூக்கத்தில் நடப்பதுபோல் நடப்பார்கள். வாய்விட்டுப் பேசக் கூடாது. பேச்சும் காற்றுதானே.

மெல்லக்கா அங்கே எட்டு வருடம் பஞ்சு பிரித்தார். எதற்கும் “மெல்ல, மெல்ல” என்பார், அதனால் அந்தப் பெயர். பிறகு அவருக்குத் தும்மல் வந்தது. வருடக் கணக்கில் இறகை மூச்சில் வாங்கினால் சிலருக்கு வரும். மற்ற இடத்தில் தும்மினால் நூறு வயது என்பார்கள். அங்கே தும்மினால் இருபது பேரின் அரைநாள் உழைப்பு கூரைக்குப் போகும். மூன்று முறை போனது. நான்காவது முறை பெரிய முதலாளி அவரை மேஜையிலிருந்து எழுப்பினார், ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. கூடத்துக்கும் என் எடை அறைக்கும் நடுவில், வலை அடித்த ஒரு திறப்பு இருந்தது. அதன் இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

“பேச்சில்லாம உக்காந்து பாதிப்பேர் தூங்குறாங்க. நீ எதையாவது படி. அவங்க கேட்டுக்கிட்டே வேலை செய்யட்டும்.”

முதல் நாள் செய்தித்தாள் படித்தார். எங்கோ ஒரு பேருந்து கவிழ்ந்த செய்தி. இருபது பெண்களும் ஒரே நேரத்தில் “ச்சோ” என்றார்கள். அன்று மாலை வரை விளக்கு மேலிருந்து பஞ்சை எடுத்தோம்.

பிறகு வாடகை நூலகத்து நாவல்கள். ஒன்றில் நாற்பதாம் பக்கத்திலேயே கத்தியை எடுத்துவிட்டான். விவரமும் விரிவாக இருந்தது. “ஐயோ” பறந்தது. இன்னொன்றில் கதாநாயகனும் கதாநாயகியும் தனியறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள், எழுதியவர் மட்டும் வெளியே நிற்க மறுத்துவிட்டார். அடக்கிய சிரிப்பு கத்தலைவிட மோசம். அது மூக்கு வழியாக வரும்.

அதிலிருந்து மெல்லக்கா எந்தப் புத்தகத்தையும் வீட்டில் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கொண்டுவருவார். ஆகாத பக்கங்களைத் துணி காயப்போடும் கிளிப்பால் சேர்த்துப் பிடித்துவிடுவார். மூன்றாவது மேஜையில் அவருடைய நாத்தனார் இருந்தாள். வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் இடைவேளையில் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, நேத்து வரைக்கும் அந்தப் பெரியப்பா வெத்தலப் பெட்டியத் தேடிக்கிட்டு இருந்தாரு. இன்னிக்கு அவரு சொத்தப் பிரிக்கிறாங்க. நடுவுல அவருக்கு என்ன ஆச்சு?”

“கிளிப்புக்குள்ள போயிட்டாரு.”

“நல்லவேளை, எங்க அண்ணன நீங்க புத்தகத்துல வெக்கல.”

தாண்டித் தாண்டிப் படித்தால் கதை நிற்காது என்று அவருக்கே தெரிந்தது. தாண்டத் தேவையில்லாத புத்தகம் வேண்டும். தூங்க வைக்கவும் கூடாது. நிலா வெளிச்சத்தை மூன்று பக்கம் வருணித்த ஒரு நாவலில் ஏழாவது மேஜைக்காரி குவியலுக்குள் முகம் வைத்தே தூங்கிவிட்டாள். நூலகத்துக்காரர் மெல்லக்காவைக் கண்டாலே கையெடுத்துக் கும்பிடத் தொடங்கினார்.

“குழந்தைங்க கதை கொண்டு போங்களேன்.”

“கொண்டு போனேனே. ஓநாய் ஆள முழுங்கிடுச்சு. ரெண்டு மேஜை காலி.”

இப்படி ஆறரை வருடம் தேடித் தேடிப் படித்தார். அமைதியான கதைகள் குறைவு என்று நினைக்க வேண்டாம், இருந்தன. ஆனால் அவை அட்டையில் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. யாரும் இரவல் வாங்காத அடுக்கில், தூசியோடு, பொறுமையாக நிற்கும். 1986 பிப்ரவரி தொடக்கத்தில் அந்த அடுக்கும் தீர்ந்தது.

அதே வருடம்தான் பெரிய முதலாளியின் மாப்பிள்ளை நிர்வாகத்துக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல; அவருக்குக் கதை பழக்கமில்லை, அவ்வளவுதான். மெல்லக்காவை அழைத்துப் பேசினார்.

“பாட்டுப் போட ஒரு ஸ்பீக்கர் வாங்கினா ஒரே செலவு. உங்களுக்கு மாசாமாசம் சம்பளம்.”

“சரிங்க. என்ன எங்க அனுப்புவீங்க?”

“உறை தைக்கிற ரூமுக்கு. அங்க தும்மலாம். சம்பளம் மூணுல ஒரு பங்கு குறையும். மார்ச் முடியட்டும். அதுக்குள்ள பழைய புத்தகத்தையே திருப்பிப் படிக்காம புதுசா ஏதாவது கொண்டு வந்தா, பாப்போம்.”

மெல்லக்காவின் கணவர் பூட்டு பழுதுபார்ப்பவர். வாரத்தில் நான்கு நாள் பூட்டு வராது. அந்த மூன்றில் ஒரு பங்குதான் அவர்கள் வீட்டு வாடகை.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, பழைய காகிதக் கடையில் அட்டையில்லாத ஒரு புத்தகம் வாங்கினார். ஒழுகும் கூரையைச் சரிசெய்ய ஒருவன் ஒரு வீட்டுக்கு வருகிறான். எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. இந்த அறையை அடைத்தால் அடுத்த அறையில் சொட்டுகிறது. மழைக்காலம் முழுவதும் அங்கேயே தங்கிவிடுகிறான். அந்த வீட்டு அம்மாள் தன் கிழட்டு அப்பாவோடு இருப்பவள். அவள் பாத்திரங்களை இடம் மாற்றி மாற்றி வைக்கிறாள். சொட்டும் ஓசையை வைத்தே இருவரும் எந்தப் பாத்திரம் என்று சொல்லப் பழகுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

வெளியே சுள்ளென்று வெயில். கூடத்துக்குள் மழை. மெல்லக்காவின் குரல் வலை வழியாக உள்ளே போய், குவியல்கள் மேல் உட்கார்ந்தது. நான் எடை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்ட நாட்கள் உண்டு. பெண்களின் விரல்கள் தாமாகவே நகர்ந்தன. ஒரு பஞ்சும் எழவில்லை. அவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஒரே சொட்டுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் மழை விடுகிறது. அவன் பையைக் கட்டுகிறான். அவள் வாசலில் நிற்கிறாள். கீழே ‘முதல் பாகம் முற்றும்’ என்று போட்டிருந்தது.

“போறானா இல்லையா?” என்றாள் நாத்தனார்.

“தெரியாது. ரெண்டாம் பாகம் எங்கயும் கிடைக்கல.”

“அண்ணி, நீங்க வேலையைவிட்டுப் போனாலும் பரவால்ல. அவன் போறானான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

பதிப்பகத்தின் முகவரி முதல் பக்கத்தில் இருந்தது. மார்ச் 4 அன்று மெல்லக்கா கடிதம் எழுதினார்: “ஐயா, உங்கள் கதையை இருபது பேர் கேட்டோம். இரண்டாம் பாகம் எங்கே கிடைக்கும்?” பதில் 21ஆம் தேதி, எழுதியவரிடமிருந்தே வந்தது. மெல்லக்கா எங்களைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டினார்.

“நான் ஐயா இல்லை, அம்மா. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டாம் பாகத்தில் ஒரு கொலையாவது வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். இந்த மூன்று பேரில் யாரைக் கொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதாமல் விட்டேன். உங்களுக்கு வேண்டுமானால் எழுதித் தருகிறேன். எப்படி இருக்க வேண்டும்?”

28ஆம் தேதி போன பதிலில் மெல்லக்கா தன் கூடம் தாங்கும் அளவைச் சொன்னார்: கேட்பவர்களுக்குப் பெருமூச்சு வரலாம், அதை மூக்கால் மெதுவாக விட்டுக்கொள்வார்கள். ‘ஐயோ’ வரக் கூடாது. தூக்கமும் வரக் கூடாது.

மாப்பிள்ளை அந்த எழுத்தாளர் அம்மாவின் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. “சரி, இந்தக் கதை முடியற வரைக்கும் நாற்காலி இருக்கட்டும். முடிஞ்சதும் ஸ்பீக்கர். பேச்சு மாறமாட்டேன்.”

ஏப்ரலில் கதை தபாலில் வரத் தொடங்கியது, கடிதத்துக்கு ஓர் அத்தியாயம். அவன் போகவில்லை, கூரை காய்ந்த பிறகுதான் விரிசல் தெரியும் என்று ஒரு காரணம் கிடைத்தது. கோடையில் அவர்கள் ஒழுகாத கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்கள், அவன் வாசல் பக்கம், அவள் உள்ளே, நடுவில் கிழவரின் இருமல்.

ஆகஸ்டில் வந்த அத்தியாயத்தில் கிழவர் இறந்தார். மெல்லக்கா அதை முன்கூட்டியே படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வார்த்தை விடாமல் படித்தார். கிழவர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்து அவன் ஒரு போர்வையை எடுத்துப் போர்த்துகிறான். உள்ளே போய்ப் பாத்திரங்களை அடுக்குகிறான். திரும்பி வரும்போது போர்வை அப்படியே இருக்கிறது. ஒரு மடிப்பும் அசையவில்லை.

கூடத்தில் ‘ஐயோ’ வரவில்லை. ஒரு பஞ்சு கூட எழவில்லை. ஆனால் அன்று மாலை எடை தவறாக வந்தது. மூன்று முறை போட்டேன். ஒவ்வொரு மேஜையின் குவியலும் கொஞ்சம் கனமாக இருந்தது. ஈரமான இறகு கனக்கும். உலர வைத்து மறுநாள் போட்டபோதுதான் சரியாக இருந்தது.

மாப்பிள்ளையும் கேட்கத் தொடங்கியிருந்தார். கணக்கு பார்க்கிற சாக்கில் என் அறைக்கு வந்து, தலைகீழாகப் பிடித்த ஒரு தாளைப் புரட்டுவார். போகும்போது, “தபால் வந்துச்சா?” என்பார்.

அக்டோபரில் கதை எழுதும் அம்மா கேட்டு எழுதினார்: “அடுத்த கடிதத்தோடு முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. உங்களுக்குச் சம்மதமா? இல்லையென்றால் இன்னும் பத்து அத்தியாயம்கூட நீட்டலாம்.”

தன் வீட்டில் அன்று நடந்ததை மெல்லக்காவே எனக்குச் சொன்னார்.

“இழுக்கச் சொல்லு” என்றார் கணவர். “ஒரு கல்யாணம், ஒரு கோர்ட்டு கேசு, ஒரு தொலைஞ்சு போன தம்பி. நாலு வருஷம் ஓடும். சட்டுனு முடிச்சா எந்தத் தொழில்லயும் கூலி கிடையாது.”

“நீங்க இழுத்து இழுத்துப் பாத்த பூட்டு எதாவது ஒழுங்கா மூடிச்சா?”

“பூட்டு வேற, வாடகை வேற.”

“வாடகை எனக்குத் தெரியாதா? ஆனா அந்த வீட்டுல இனிமே ஒண்ணும் நடக்க வேண்டாம்ங்க. நடந்தா வெளியிலிருந்து எதையாவது கொண்டு வந்து போடணும். அப்புறம் அதுவும் மத்த கதை மாதிரிதான்.”

கணவர் ஒரு பழைய பூட்டை எடுத்துத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில், “உன் இஷ்டம். நம்ம வீட்டுக் கூரை ஒழுகல, அதுவரைக்கும் சரி” என்றார்.

மெல்லக்கா என்னிடம் தபால்தலை கேட்டு வந்தபோது எழுதிய பதிலைக் காட்டினார். ஒரே வரி: “முடித்துவிடுங்கள், அம்மா.”

முடிவு நவம்பரில் வந்தது. அடுத்த மழையின் முதல் நாள். இருவரும் பாத்திரங்களைத் தயாராக வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சொட்டவில்லை. வெகுநேரம் காத்திருக்கிறார்கள். பிறகு அவள் எழுந்து, பாத்திரங்களைத் திருப்பி அடுக்கிவிட்டு, அவன் பையை எடுத்து உள்ளறை ஆணியில் மாட்டுகிறாள். மெல்லக்கா அதை இரண்டு நாளாகப் பிரித்துப் படித்தார். நாத்தனார் மூக்கால் விட்ட பெருமூச்சு மட்டும் எடை அறை வரை கேட்டது.

மாப்பிள்ளை பேச்சு மாறவில்லை. டிசம்பர் 1 அன்று நாற்காலி எடுக்கப்பட்டது. மெல்லக்கா உறை தைக்கும் அறைக்குப் போனார்.

“அண்ணி, இனிமே ஆசை தீரத் தும்முங்க” என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்பீக்கர் வந்தது. தாளம் விழ விழ மேஜையில் பஞ்சு நகர்ந்தது. மாப்பிள்ளை சத்தத்தைக் குறைத்தார், குறைத்தால் யாருக்கும் கேட்கவில்லை. மெல்லக்கா தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, இரைச்சலுக்கு நடுவே நேர்கோடு தைத்தார். மூன்று மாதம் வீட்டு வாடகையில் கொஞ்சம் பாக்கி விழுந்தது. முடிக்கச் சொல்லி எழுதியதற்கு வருந்துகிறீர்களா என்று ஒரு முறை கேட்டேன். “மழை வந்தா அந்த வீட்டுல இப்ப ரெண்டு பேரும் தூங்குவாங்க இல்ல?” என்றார்.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளை ஒரு தபால் உறையோடு நேராக என் மேஜைக்கு வந்தார். மெல்லக்காவின் பெயர் எழுதியிருந்தது. பிரிக்கவில்லை. பஞ்சு நிறுக்கும் சின்னத் தராசில் அவரே வைத்தார். முள் ஓடியதைப் பார்த்தார்.

“நலம் விசாரிக்கற கடிதாசு இவ்வளவு கனம் இருக்குமா?”

“இருக்காதுங்க.”

“அப்ப இது கதைதான?”

“முழுசா ஒரு கதை இருக்கற எடைதான்.”

அவர் உறையை எடுத்துக்கொண்டு தையல் அறைக்குப் போனார். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றது கேட்டது. அவர் திரும்பி வந்தபோது கையில் உறை இல்லை. மெல்லக்கா பின்னால் வந்தார். மாப்பிள்ளை வலைத் திறப்புக்கு இந்தப் பக்கம் நின்று, தரையில் ஓர் இடத்தைக் காலால் காட்டி, “இங்கதான இருந்துச்சு?” என்றார். பிறகு நாற்காலியைத் தேடி அவரே கிடங்குக்குப் போனார்.

அந்த அம்மாவிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் அது. வந்த தேதி 1987 பிப்ரவரி 19.