சீவரத்தினத்தாரின் சின்னப் பெட்டிகள்

கோப்பாய்ச் சீவரத்தினத்தார் நாற்பது வருடமாகத் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். மோட்டார் முனகுவதை வாசல் படலையில் நின்று கேட்டே என்ன பழுதென்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதுக்கு இரண்டு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள் தாராளம். காலையில் ரேடியோச் செய்தி, அதன்பின் மரண அறிவித்தல். பக்கத்துக் கதிரையில் ஒரு ஆள் இருந்து பேசுவதுபோலக் கேட்கும்.

அதில் மண்ணள்ளிப் போட்டவள் அவருடைய செல்ல மகள் தர்சினிதான். கனடாவிலிருந்து வந்தவள், நெஞ்சளவு உயர ஸ்பீக்கர் இரண்டை விறாந்தையில் நிறுத்தி, சின்னதுகளைக் கோழிக்கூட்டின் மேல் போட்டுவிட்டுப் போனாள். விலையை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனிதர் அன்றைக்கே படுத்திருப்பார்.

அட, அது என்ன சத்தம்! செய்தி வாசிக்கும் பெண் மூச்சிழுத்தால் இவருக்கு நெஞ்சு அதிர்ந்தது. ஆனால் ஞாயிறுதோறும் மகள் போனெடுத்து, "சத்தம் எப்பிடியப்பா?" என்று ஆசையாகக் கேட்பாள். "அந்தமாதிரி, பிள்ளை!" என்று புகழ்வதைத் தவிர வேறொன்றும் இவர் வாயில் வராது.

"பழசுதான் பிடிச்சிருக்கெண்டு சொல்லுங்கோவன்," என்றார் மனைவி செல்வநாயகி.

"பிள்ளை பனிக்குள்ளை நிண்டு உழைச்சு வாங்கினது. என்னெண்டு சொல்லுறது?"

ஒரு ஞாயிறு செல்வநாயகி கோயிலுக்குப் போய்விட்டார். சீவரத்தினத்தார் சாய்மனைக் கதிரையில் கால் நீட்டி, மொய்க்கிற இலையான் தொல்லைக்கு முகத்தில் வெள்ளைத் துவாயைப் போட்டுக்கொண்டு, மரண அறிவித்தல் கேட்டபடியே உறங்கிப்போனார். பெட்டிகள் உறங்குமா? "அன்னாரின் இறுதிக்கிரியைகள்..." என்று ஒழுங்கையின் கடைசி வீடுவரை முழங்கின. ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிச் சாவு அறிவிக்கிற ஊரில், வீட்டுக்குள்ளிருந்தே அறிவித்தல் வந்தால் சனம் என்ன நினைக்கும்?

முன்வீட்டுப் பத்மாசினி படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். நீட்டிய கால், முகத்தில் வெள்ளைத் துணி. போதாதா? கால்மாட்டில் விழுந்தார்.

"ஐயோ என்ரை அண்ணை! தங்கமான மனுசனெல்லோ! இரவல் வாங்கின மண்வெட்டியையும் திருப்பித் தராமல் போட்டியளே!"

சீவரத்தினத்தார் விழித்துவிட்டார். ஆனால் 'தங்கமான மனுசன்' என்று உயிரோடு கேட்க யாருக்குக் கிடைக்கும்? இன்னும் கொஞ்சம் வரட்டுமென்று அசையாமல் கிடந்தார். மண்வெட்டிதான் திரும்பத் திரும்ப வந்தது. அதற்குள் சனம் கூடிவிட்டது. சாவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று பின்வீட்டு நிரோஜா தேத்தண்ணிக் கேத்திலோடேயே வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பத்மாசினி எடுத்தார்.

"பிள்ளை, கொப்பர் எங்களை விட்டிட்டுப் போட்டார்!"

தர்சினி அலறியது போனுக்கு வெளியே கேட்டது. சீவரத்தினத்தார் துவாயை எறிந்துவிட்டு எழுந்தார். பத்மாசினி கேத்திலோடு நின்ற நிரோஜாவின் மேல் சாய்ந்தார்.

"பிள்ளை, நான் இருக்கிறன்! அழாதை!"

"ஆர் கதைக்கிறது? ஒண்டும் கேக்கேல்லை!"

எப்படிக் கேட்கும்? பெட்டிகள் அடுத்த சாவை முழங்கிக்கொண்டிருந்தன. 'தங்கமான மனுசன்' என்ற பேருக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை அழவைத்துவிட்டேனே என்று பதறி, வயரைப் பிடுங்கினார். வீடு அமைதியானது.

"நான்தான் பிள்ளை, அப்பா. நித்திரையாப் போட்டன். பெட்டியள் முழங்கின மரண அறிவித்தலை என்ரை சாவெண்டு சனம் நினைச்சிட்டுது."

அவள் வெகுநேரம் விம்மினாள். பிறகு சொன்னாள்: "உந்த நாசமறுந்த பெட்டியளை ஆருக்காவது குடுங்கோ."

பெரியவை வாசிகசாலைக்குப் போயின. சின்னவை கோழிக்கூட்டிலிருந்து இறங்கின. மண்வெட்டியும் கழுவித் துடைத்து முன்வீட்டுக்குப் போனது. "இதைத் திருப்பி வாங்க எனக்கொரு செத்தவீடு தேவைப்பட்டிருக்கு," என்றார் பத்மாசினி.

அடுத்த ஞாயிறு தர்சினி சத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"சும்மா கதையுங்கோ அப்பா, கேட்டுக்கொண்டிருக்கிறன்," என்றாள்.